கதவைச் சாத்தினால் மட்டும் போதாது

"கொரோனா வந்தவரை அறையில் விட்டுக் கதவைச் சாத்தினால் போதும், கிருமி ஆறடிக்குள் விழுந்துவிடும்" என்று சொல்வது தவறு. பெரிய துளிகள்தான் அப்படிச் சீக்கிரம் விழும். மூச்சிலும் பேச்சிலும் வரும் நுண்துளிகள் அடைத்த அறையில் மணிக்கணக்கில்கூட மிதக்கும், கதவிடுக்கு வழியாகக் கூடத்துக்கும் வரும். 2003-இல் கொரோனா வகைக் கிருமியால் வரும் சார்ஸ் நோய் பரவியபோது ஹாங்காங்கின் அமோய் கார்டன்ஸ் குடியிருப்பில் 300 பேருக்கு மேல் தொற்றியது. நீர் வற்றிய குளியலறை வடிகால்கள் வழியாக, எக்ஸாஸ்ட் ஃபேன் இழுத்த காற்றோடு கிருமி வீடுகளுக்குள் வந்தது என்பதே விசாரணையின் முடிவு.

தனி அறை அவசியம்தான். ஆனால் வெளிப்பக்க ஜன்னலைத் திறந்து வையுங்கள். காற்றை வெளியே தள்ளும் ஃபேன் இருந்தால் அந்த அறையிலேயே ஓடட்டும். சாப்பாடு கொடுக்கும்போது இருவரும் என்95 முகக்கவசம் போடுங்கள். அவர் போய்வந்த குளியலறைக்குள் தயவுசெய்து உடனே நுழையாதீர்கள்.