பூட்டிய மண்டபத்துக்கு எதற்கு இத்தனை வெளிச்சம்?

தை அமாவாசை இரவு. மழைக்காலம் ஓய்ந்து தருமபுரி வானம் துடைத்து வைத்ததுபோல் கிடக்கிறது. இருட்டியதுமே கார்த்திகை நட்சத்திரக் கூட்டம் உச்சிக்கு வந்துவிடும். அதைச் சுற்றியுள்ள மெல்லிய நீலப் புகையைப் படமெடுக்க இந்த ஓர் இரவுக்காக மாதக்கணக்கில் காத்திருந்தேன்.

முதலில் துருவ நட்சத்திரத்தைப் பிடித்துத் தொலைநோக்கியின் தாங்கியை நேர்செய்ய வேண்டும். நம் ஊரில் அது அடிவானத்திலிருந்து ஏறத்தாழ 12 டிகிரி உயரத்தில்தான் நிற்கும். சரியாக அந்த வடக்குத் திசையில் ஒரு கல்யாண மண்டபம். கூரையில் நான்கு ஃபோகஸ் லைட்டுகள், நான்கும் வானத்தைப் பார்த்து! அமாவாசைக்கு முகூர்த்தம் ஏது? கேட்டில் பூட்டு தொங்குகிறது, உள்ளே ஓர் ஆள் இல்லை. விளக்கு மட்டும் விடியவிடிய எரிகிறது. யாருக்காக எரிகிறது?

ஒவ்வொன்றும் ஒரு நிமிடமாக 120 படங்கள் எடுத்தேன். இரண்டு மணி நேரம் பனியில் நின்றதற்குக் கிடைத்தது சாம்பல் பூசிய வானம்.

“ஃபில்டர் போடலாமே” என்கிறார்கள். போட்டிருக்கிறேன், கைக்காசைக் கொட்டி வாங்கியதுதான். பழைய சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளி பெரும்பாலும் 589 நானோமீட்டர் அலைநீளத்தை ஒட்டியே இருந்தது, அதை வெட்டி எறிய முடிந்தது. இந்த வெள்ளை எல்.இ.டி. எல்லா நிறத்திலும் பரவிக் கிடக்கிறது. அதிலும் நீலம்தான் காற்றில் அதிகமாகச் சிதறுகிறது. கார்த்திகையின் புகையும் நட்சத்திர ஒளியைப் பிரதிபலிக்கும் தூசுதான், அதுவும் நீலம். ஒன்றை வெட்டினால் மற்றதும் சேர்ந்து போகிறது. ஓரியன் நெபுலா என்ற வாயு மேகத்துக்காவது ஹைட்ரஜனின் 656 நானோமீட்டர் சிவப்பை மட்டும் விடும் ஃபில்டர் கைகொடுக்கும். கார்த்திகைக்கு இருட்டைத் தவிர வேறு மருந்தே கிடையாது.

“வத்தல்மலைக்குப் போய் எடு” என்பது அடுத்த உபதேசம். தாங்கி, பேட்டரி, தொலைநோக்கி எல்லாவற்றையும் வண்டியில் கட்டிக்கொண்டு நள்ளிரவில் நான் ஏன் மலையேற வேண்டும்? என் தாத்தா கயிற்றுக் கட்டிலில் படுத்தபடி பார்த்த வானம் இது! ஜவ்வாது மலைக் காவலூரில் 2.34 மீட்டர் அகல ஆடி கொண்ட தொலைநோக்கி 1986 முதல் நிற்கிறது. அப்படிப்பட்ட இருட்டு வாய்த்த பகுதி நம்முடையது.

எல்லா வெளிச்சத்தையும் நான் பழிக்கவில்லை. சாமந்தித் தோட்டத்தில் இரவில் பல்பு எரிக்கிறார்கள் என்றால், பூப்பதைத் தள்ளிப்போட அந்தச் செடிக்கு வெளிச்சம் வேண்டும். அது பிழைப்பு. பூட்டிய மண்டபத்துக்கு என்ன பிழைப்பு?

நேரில் போய்க் கேட்டேன். “வெளிச்சம் இல்லாவிட்டால் திருடன் வருவான் தம்பி” என்றார் பொறுப்பாளர். திருடன் என்ன வானத்திலிருந்தா குதிப்பான்? அந்த விளக்கு கண்ணில் அடிப்பதால் மதில் நிழலில் ஆள் நின்றாலும் தெரிவதில்லை. தரையைப் பார்த்துத் திருப்பினால் பாதி வாட்ஸ் போதும், கேட்டும் தெளிவாகத் தெரியும்.

அணைக்கச் சொல்லவில்லை ஐயா, திருப்பத்தான் சொல்கிறேன். ஏணியும் ஸ்பேனரும் என்னிடம் இருக்கின்றன. சரியென்று ஒரு வார்த்தை சொல்லுங்கள், அடுத்த அமாவாசைக்குள் நானே ஏறித் திருப்பித் தருகிறேன்.