தலைவலியை வெயில் மேல போடாதீங்க மக்கா, சைலன்சரைப் பாருங்க

போன செவ்வாய்க்கிழமை நம்ம குமரி மாவட்டத்துல தாழக்குடி போற வழியில ஒரு டீக்கடையில நின்னேன். ரோட்டோரம் தொளி ஒட்டின டிராக்டர் ஒண்ணு. அதை ஓட்டிட்டு வந்த பையனுக்கு இருபத்திரண்டு வயசுக்கு மேல இருக்காது. டீ சொன்ன கையோட ரெண்டு தலைவலி மாத்திரை கேட்டு வாங்கி, ரெண்டையும் ஒண்ணா வாயில போட்டான்.

"என்னடே ஆச்சு?"ன்னு கேட்டேன்.

"ஒண்ணுமில்லண்ணே, வெயிலு."

மணி ஒன்பதுகூட ஆகல. மானம் கறுத்துக் கிடந்துச்சு. அவன் டீ குடிச்சு முடிக்கிற வரைக்கும் வண்டி ஆஃப் ஆகாம உறுமிட்டே நின்னுச்சு, புகை கடைக்குள்ள வந்துட்டே இருந்துச்சு. ஏன் ஆஃப் பண்ணலன்னு கேட்டா, பேட்டரி வீக், நிறுத்தினா செல்ப் எடுக்காது, ஓனர்கிட்ட சொல்லி ரெண்டு மாசம் ஆச்சுன்னான்.

அன்னைக்கு ராத்திரி தூக்கம் வரல. அதான் எழுதுறேன். கொஞ்சம் நீளமா இருக்கும், டிராக்டர் ஓட்டுறவங்களும் அவங்க வீட்டுப் பொம்பளைங்களும் பொறுமையா வாசிங்க.

நான் டிராக்டர் சீட்ல உக்காந்து இருபத்திரண்டு வருஷம் ஆகுது. முதல்ல அடுத்தவங்க வண்டி, இப்போ ஒன்பது வருஷமா சொந்த வண்டி. தோவாளை, தேரூர், பறக்கைன்னு என் சக்கரம் இறங்காத வயல் குறைவு. அந்தப் பையன் போட்ட மாத்திரையை நான் பதினஞ்சு வருஷத்துக்கு மேல போட்டவன். காலையில ஏறி உக்காந்து ரெண்டு மணி நேரத்துல ரெண்டு நெத்திப்பொட்டுலயும் சுத்தியல் வச்சு அடிக்கிற மாதிரி ஆரம்பிக்கும். மதியம் கண்ணு எரியும், குமட்டும், சோத்தைப் பார்த்தாலே பிடிக்காது. சாயங்காலம் வீட்டுக்கு வந்து யார் என்ன கேட்டாலும் எரிஞ்சு விழுவேன். என் பிள்ளைங்க அந்த வருஷங்கள்ல என்கிட்ட வரவே பயந்ததுக்கு அந்தத் தலைவலிதான் காரணம்னு இப்போ நினைக்கும்போது நெஞ்சு கனக்குது.

அப்போ ஆளாளுக்கு ஒரு காரணம் சொன்னாங்க. வெயில்னாங்க, தூக்கம் பத்தலன்னாங்க, பித்தம்னாங்க. கண்ணாடி போட்டுப் பார்த்தேன். மாமியார் உப்பும் மிளகும் சுத்திப் போட்டாங்க. வண்டிச் சத்தம்னு ஒருத்தர் சொன்னார், அதுல கொஞ்சம் உண்மையும் இருக்கு. ஆனா ஒரு விஷயத்தை யாரும் கவனிக்கல, நானும் கவனிக்கல. கன்னிப்பூ, அதான் முதல் போக நெல், நடவு முடிஞ்சு பயிர் நிக்கிற மாசங்கள்ல எனக்குத் தலைவலியே வராது. வெயில் அப்பவும் அடிக்கத்தான் செய்யுது. ரெண்டாம் போகமான கும்பப்பூவுக்குத் திரும்பவும் வயல்ல இறங்கின அன்னைக்கே வலி வந்துரும். இத்தனை வருஷம் இது என் கண்ணு முன்னாடியே நடந்துட்டு இருந்துச்சு.

எனக்குப் புத்தி வந்தது மூணு வருஷத்துக்கு முந்தி ஒரு புரட்டாசி மாசம்.

அன்னைக்கு விடாத மழை. வீட்டுக்குப் பக்கத்துல வண்டி நிறுத்துற சாய்ப்பு, மூணு பக்கமும் தார்ப்பாய் இறக்கிக் கட்டியிருந்தேன். டீசல் லைன்ல காத்து பிடிச்சு வண்டி விக்கிட்டே இருந்துச்சு. காத்து எடுத்துட்டு, ஓட விட்டுச் சத்தம் பார்த்துட்டு இருந்தோம். கூட இருந்தது என் அக்கா மகன், அப்போ பத்தொன்பது வயசு. அவன் பானெட் பக்கம் குனிஞ்சு டார்ச் பிடிச்சுட்டு நின்னான். நான் தார்ப்பாய் இல்லாத வாசல் பக்கம் நின்னேன்.

"மாமா, தலை பிளக்கு"ன்னான்.

"செத்த நேரம் பொறு மக்கா, முடிஞ்சு போச்சு"ன்னேன்.

திரும்பவும் சொன்னான். "போய் ஒரு டீ குடிச்சுட்டு வா"ன்னேன். திரும்பினான், ரெண்டு எட்டு வச்சான், முட்டு மடங்கி அப்படியே உக்காந்துட்டான். வாந்தி. எழுப்பினா கண்ணு நிக்கல. அதுக்கு முந்தின வாரமும் வயல்ல ரெண்டு தடவை தலைவலின்னு அவன் சொல்லியிருந்தான். ரெண்டு தடவையும் நான் சொன்ன பதில் டீ தான்.

ஆஸ்பத்திரியில விரல்ல கிளிப் மாட்டினாங்க, 98 காட்டுச்சு. பரவாயில்ல, சோர்வு, குளுக்கோஸ் ஏத்தினா சரியாகும்னாங்க. அந்த நேரம் டூட்டிக்கு வந்த ஒரு இளம் டாக்டரம்மாதான் என்னைப் பார்த்து, "இவர் எங்க இருந்தப்போ இப்படி ஆச்சு?"ன்னு கேட்டாங்க. சொன்னேன். உடனே ஆக்சிஜன் மாஸ்க் வைக்கச் சொல்லிட்டு, அப்புறம் எனக்குப் புரியற மாதிரி விளக்கினாங்க. இன்ஜின் புகையில கார்பன் மோனாக்சைடுன்னு ஒரு வாயு இருக்கு. அதுக்கு நிறம் இல்ல, வாசம் இல்ல. ரத்தத்துல ஆக்சிஜனைச் சுமக்கிற ஹீமோகுளோபின் இருக்கே, அதுல ஆக்சிஜனை விட இருநூறு மடங்குக்கு மேல இறுக்கமா இது ஒட்டிக்கும். ஒட்டிக்கிட்டா ஆக்சிஜனுக்கு இடம் இல்ல, மூளையும் நெஞ்சும்தான் முதல்ல தவிக்கும். விரல் கிளிப்புக்கு இந்த ரெண்டுக்கும் வித்தியாசம் தெரியாது, விஷம் ஏறின ரத்தத்தையும் நல்ல ரத்தம்னே காட்டும். அதனாலதான் 98. வெறும் காத்துல விட்டா அது பாதியாக் குறையறதுக்கே நாலஞ்சு மணி நேரம் ஆகும், ஆக்சிஜன் கொடுத்தா ஒன்றரை மணி நேரத்துக்குள்ள பாதியாகும்.

ரெண்டு மணி நேரம் கழிச்சுப் பையன் கண்ணைத் தெளிவாத் திறந்து "அம்மா கிட்ட சொல்லிராதீங்க மாமா"ன்னான். அந்த வார்த்தையை என்னால மறக்க முடியல.

மறுநாள் வண்டியை வெளிய தள்ளி, இன்ஜின் ஆறின பிறகு மேனிஃபோல்டைப் பார்த்தேன். இன்ஜினும் சைலன்சர் பைப்பும் சேருற இடத்துல ஒரு கரித் தடம், கண்ணுக்கு மை தீட்டின மாதிரி. அங்க புகை கசியாம அடைச்சு வைக்கிற கேஸ்கட் போயிருக்கு. புகை மேல சைலன்சர் வழியாப் போகாம பானெட்டுக்குள்ளேயே கசிஞ்சு, சீட்டுக்கும் கால் மிதிக்கிற இடத்துக்கும் வந்துட்டு இருந்திருக்கு. ஸ்டார்ட் பண்ணினதும் 'டிக் டிக்'னு ஒரு சத்தம் வரும், அதை நான் மாசக்கணக்கா வால்வு தட்டுற டேப்பெட் சத்தம்னு நினைச்சுட்டு இருந்தேன். மாத்துறதுக்கு ஆன செலவு சில நூறு ரூபாய்.

டீசல் இன்ஜின்ல பெட்ரோல் இன்ஜினை விட இந்த வாயு குறைவுன்னு சொல்லுவாங்க. அது உண்மைதான். ஆனா தேய்ஞ்ச இன்ஜின், அடைச்ச ஏர் கிளீனர், டீசலை அதிகமாத் தள்ளுற பம்ப், கூடவே அடைச்ச ஷெட்டுன்னு எல்லாம் சேர்ந்தா அந்தக் கணக்கு பொய்யாப் போகுது. அப்புறம், டீசல் புகையில இருக்கிறது இந்த ஒரு வாயு மட்டும் இல்ல. கண்ணையும் தொண்டையையும் எரிக்கிற நைட்ரஜன் வாயுக்கள் இருக்கு. கரித்தூள் இருக்கு, நம்ம தலைமுடித் தடிமன்ல இருபதுல ஒரு பங்குகூட வராது, மூக்குல நிக்காம நேரா நுரையீரல் அடிவரைக்கும் போகும். ஆஸ்துமா உள்ளவனுக்கு இழுப்பை அதிகமாக்கும், நெஞ்சுக்கும் கெடுதல். உலக சுகாதார நிறுவனத்தோட புற்றுநோய் ஆய்வு அமைப்பு 1988ல டீசல் புகை புற்றுநோய் தர வாய்ப்பு அதிகம்னு சொல்லி வச்சிருந்துச்சு. 2012 ஜூன்ல, அது நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும், சந்தேகம் இல்லன்னு முதல் வகையில சேர்த்துட்டாங்க. பீடி சிகரெட் புகையும் அதே வகைதான். பீடி குடிச்சுக்கிட்டே வண்டி ஓட்டுற அண்ணன்மார் இதைக் கொஞ்சம் யோசிங்க, பீடியிலயும் அதே கார்பன் மோனாக்சைடு இருக்கு, ரெண்டும் ஒரே ரத்தத்துலதான் சேருது.

நம்ம ஊர்க் காத்துக்கும் இதுல பங்கு உண்டு. முப்பந்தல்ல கரண்டு எடுக்கிற காத்தாடியைச் சுத்த வைக்கிற அதே மேகாத்து ஆனி ஆடியில ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக் கிழக்கே பிச்சுக்கிட்டுப் போகும். நான் கிழக்கே பார்த்து ஓட்டும்போது புகை எனக்கு முன்னாடி போயிரும். வரப்பு வந்து வண்டியைத் திருப்பி மேற்கே பார்த்தேன்னா அவ்வளவுதான், சைலன்சர் வாய் என் முகத்துக்கு நேர, காத்து எதிர்ல, புகை முழுக்க மூக்குல. ஒரு நாள்ல பாதி நேரம் மேற்கே பார்த்துத்தான் ஓட்டணும். காத்தே இல்லாத நாளு இன்னும் மோசம், தென்னந்தோப்பு சூழ்ந்த வயல்ல புகை இறங்கி அப்படியே படுத்துக்கும். பக்கத்து வயல்ல நாத்து நடுற அக்காமாரும் குனிஞ்ச தலையோட அதைத்தான் இழுக்கறாங்க. அவங்கள்ல மாசமா இருக்கிற பிள்ளைங்களும் உண்டு, வயித்துல இருக்கிற குழந்தைக்கு இந்த வாயு தாயை விட அதிகமாக் கெடுதல். அவங்க தலைவலியையும் வெயில் கணக்குலதான் எழுதுறோம்.

மூஞ்சில துவர்த்து, அதான் தோள்ல போடுற துண்டு, கட்டிக்கிட்டா போதும்னு நாம நினைக்கிறோம். என் வீட்டுக்காரி ஒரு நாள் துவைக்கும்போது துவர்த்தை விரிச்சுக் காட்டினா. வாய் வர்ற இடத்துல உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு, உள்பக்கமும் கறுப்பு. குளிச்சுட்டு மூக்கைச் சீந்தினா கறுப்பாத்தான் வரும். துவர்த்து தூசியில கொஞ்சத்தைப் பிடிக்கும், அவ்வளவுதான். என்-95 மாஸ்க் கரித்தூளை நல்லாவே பிடிக்கும். ஆனா கார்பன் மோனாக்சைடை இந்த மாதிரி மாஸ்க் எதுவும் தடுக்காது. அதுக்குத் திறந்த காத்து ஒண்ணுதான் வழி.

இனி நம்ம ஆளுங்க மேல எனக்கு இருக்கிற வருத்தத்தைச் சொல்லுறேன். கறுப்புப் புகை கக்கினாத்தான் வண்டிக்குப் பவர்னு ஒரு நம்பிக்கை நம்மகிட்ட வேரோடிக் கிடக்கு. டீசல் பம்பை ஏத்தி வச்சுட்டு, மண்ணைப் புரட்டுற ரோட்டவேட்டரை இறக்கும்போது குப்புனு கறுப்பு வந்தா பெருமையாப் பார்க்கிறோம். நானும் ஏத்தி வச்சவன்தான். கறுப்புப் புகைன்னா அரைகுறையா எரிஞ்ச டீசல் வெளிய போகுதுன்னு அர்த்தம், நாம பங்க்ல காசு கொடுத்து வாங்கின டீசல். காத்து பத்தல, இல்லன்னா டீசலைத் தெளிக்கிற நாசில் கெட்டுருச்சு, இல்லன்னா பம்ப் அளவுக்கு மேல தள்ளுது. நீலமா வந்தா இன்ஜின் ஆயில் எரியுது. சூடான பிறகும் வெள்ளையாவே வந்தா டீசல் எரியாமப் போகுது, இல்லன்னா தண்ணி உள்ள இறங்குது. இதெல்லாம் தெரிஞ்ச மெக்கானிக் நம்ம ஊர்ல நிறையப் பேர் இருக்காங்க. காட்டத்தான் நமக்கு மனசு வரல.

2023 ஜனவரியில இருந்து 50 எச்.பி.க்கு மேல உள்ள புது டிராக்டருக்குக் கடுமையான புகை விதி வந்தாச்சு. நல்ல விஷயம். ஆனா நம்ம துண்டு வயல்ல ஓடுறது பெரும்பாலும் அதுக்குக் கீழ உள்ள வண்டி, அதுலயும் பத்துப் பதினஞ்சு வருஷப் பழசு. அரசாங்க விதி நம்ம வரப்புக்கு வர்ற வரைக்கும் காத்திருந்தா அந்த டீக்கடைப் பையன் நுரையீரல் தாங்காது.

ஓனர்மாரே, உங்ககிட்ட நேராக் கேக்கறேன், நானும் ஓனர்தான். பேட்டரி மாத்தித் தராததால ஒரு பையன் நாள் முழுக்கப் புகையில நிக்கிறான்னா அது யார் தப்பு? அவன் மணிக்கணக்குக் கூலி. வண்டி புகையுது, நான் ஏற மாட்டேன்னு அவன் சொன்னா நாளைக்கு நீங்க வேற ஆளைக் கூப்பிடுவீங்க. அது தெரிஞ்சுதான் அவன் வெயிலுன்னு சொல்லுறான். என் அக்கா மகனும் மூணாவது தடவை வாயைத் திறக்கத் தயங்கித்தான் இருந்திருப்பான். சின்னமுட்டத்துல, குளச்சல்ல மீன்பிடி போட் இன்ஜின் பக்கத்துல வேலை பாக்கிற தம்பிங்களுக்கும் இதே கதைதான், அதை அவங்க எழுதணும்.

நான் செஞ்சதைச் சொல்லுறேன். மேனிஃபோல்ட் கேஸ்கட்டை மாத்தினேன், பம்பைப் பழைய அளவுக்கு இறக்கினேன். ஏர் கிளீனர் ஆயிலைப் புழுதி உழவு நாள்ல தினமும் பார்க்கிறேன், சேறு மாதிரி ஆயிருந்தா அன்னைக்கே மாத்திருவேன். சைலன்சர் மேல ரெண்டடிக்குப் பைப் வச்சு வெல்டு பண்ணி வாயைப் பக்கவாட்டுல திருப்பி விட்டேன். அதே அகலத்துல பைப் போடணும், சின்னதாப் போட்டா புகை இன்ஜினையே திருப்பி அமுக்கும். தாழ்வான கரண்டு கம்பியும் தென்னை ஓலையும் இருக்கிற இடத்துல பார்த்துப் போகணும், அது ஒண்ணுதான் தொந்தரவு. சாய்ப்புக்குள்ள இன்ஜின் ஓட விடுறதே இல்ல, மழை பெய்ஞ்சாலும் வெளிய தள்ளி நனைஞ்சுக்கிட்டே பார்ப்போம். என் தலைவலி முழுசாப் போயிருச்சுன்னு சொல்ல மாட்டேன். மாசத்துக்கு ஒண்ணோ ரெண்டோ வருது. மாத்திரை அட்டை இப்போ என் சட்டைப் பையில இல்ல.

ஒண்ணை மட்டும் மனசுல வச்சுக்கோங்க. வண்டி ஓடுற இடத்துல ஒருத்தனுக்குத் தலைவலியோட குமட்டல், கிறுகிறுப்பு, பேச்சுத் தடுமாற்றம்னு வந்தா முதல்ல அவனை வெளிக் காத்துக்கு இழுங்க, இன்ஜினை நிறுத்துங்க, உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்க. போனதும் "இன்ஜின் புகையில இருந்தான்"னு உங்க வாயால சொல்லுங்க. கிளிப் காட்டுற எண்ணை நம்பித் திரும்பிராதீங்க.

டீக்கடைப் பையனோட நம்பரை வாங்கி வச்சிருக்கேன். அவன் ஓனர்கிட்ட நாளைக்கு நானே போய்ப் பேசப் போறேன். இந்த ஞாயித்துக்கிழமை எனக்கு உழவு இல்ல. கேஸ்கட் கசியுதான்னு சந்தேகம் உள்ளவங்க காலையிலேயே வண்டியைக் கொண்டு வாங்க, இன்ஜின் ஆறினதும் பார்ப்போம், வீட்லதான் இருப்பேன். அக்கா மகனும் இருப்பான், கரித் தடத்தை என்னை விட அவன் சீக்கிரம் கண்டுபிடிப்பான்.