ஏழு பைட்டு 'க'

மூன்று பைட்டில் இருந்த 'க', ராத்திரி ஒன்றரை மணிக்கு ஏழு பைட்டாக ஊதிப்போய்க் கிடக்கிறது. செய்தது நான்தான். டேட்டாபேஸ் கையேடு சொன்னதை அப்படியே நம்பியதுதான் என் குற்றம்.

பழைய அட்டவணை ஒன்றில் தமிழ்ப் பெயர்கள் எல்லாம் குப்பையாகத் தெரிந்தன. 'க' இருக்க வேண்டிய இடத்தில் தலைக்கு மேல் கோடு போட்ட ஆங்கில ஏ, வட்டத்துக்குள் ஒரு ஆர், பக்கத்தில் ஒரு கறுப்புப் புள்ளி. சரி என்று கையேட்டைத் திறந்தேன். முதல் பத்தியில் 'கேரக்டர் செட்'. அடுத்த பத்தியில் அதையே 'என்கோடிங்' என்கிறார்கள். கொஞ்சம் தள்ளி 'கேரக்டர் செட் என்கோடிங்'! எழுதியவருக்கே குழப்பம் என்றால் படிக்கிறவன் எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வது?

இரண்டும் ஒன்றில்லை ஐயா. கேரக்டர் செட் என்பது எழுத்துக்கு எண் கொடுக்கிற பட்டியல். உலக மொழிகளுக்கெல்லாம் பொதுவான யூனிகோட் பட்டியலில் 'க'வுக்கு எண் 2965. அந்த எண்ணைப் பைட்டாக எப்படி எழுதி வைப்பது என்பது என்கோடிங். யுடிஎஃப்-8 என்கிற முறை அதை 224, 174, 149 என்று மூன்று பைட்டில் எழுதும். யுடிஎஃப்-16 அதையே 11, 149 என்று இரண்டு பைட்டில் முடித்துவிடும். அவ்வளவுதான் விஷயம். நாலு வரி. இதை எழுத இவர்களுக்கு என்ன கேடு? ஆஸ்கி என்ற பழைய ஆங்கில எழுத்துப் பட்டியலின் காலத்தில் எழுத்தே 128தான், எண்தான் பைட்டு, ஒரே சொல் போதும். அந்தக் காலம் மலையேறிவிட்டதே!

என் அட்டவணையில் இருந்த பைட்டுகள் சரியானவைதான். மேற்கு ஐரோப்பிய எழுத்துகளுக்கான 'லத்தீன்1' என்று ஒட்டியிருந்த பெயர்தான் தப்பு. பெயரை மட்டும் மாற்றியிருக்க வேண்டும். நான் 'கேரக்டர் செட்டை மாற்று' என்றேன். டேட்டாபேஸ் அந்த மூன்று குப்பை உருவங்களையும் நிஜ எழுத்துகள் என்று எடுத்துக்கொண்டு, சிரத்தையாக யுடிஎஃப்-8 ஆக்கியது. ஏவுக்கு 2 பைட்டு, ஆருக்கு 2, புள்ளிக்கு 3.

பெரிய டேட்டாபேஸ் மென்பொருள்கள் மட்டும் ஒழுங்கா என்ன? மைஎஸ்கியூஎல்லில் 'யுடிஎஃப்8' என்று ஒரு கேரக்டர் செட். பெயரே என்கோடிங்கின் பெயர், அதிலும் பாதிப் பொய். மூன்று பைட்டுக்கு மேல் தாங்காது, நாலு பைட்டு ஸ்மைலியைக் கண்டால் கையை விரித்துவிடும். முழுமையான 'யுடிஎஃப்8எம்பி4' 2010-ல் வந்தும், 2018-ன் 8.0 பதிப்பில்தான் இயல்புநிலை ஆனது. ஆரக்கிளின் 'யுடிஎஃப்8' அதே ஸ்மைலியை ஆறு பைட்டாக எழுதும். அங்கே அசல் சரக்குக்குப் பெயர் 'ஏஎல்32யுடிஎஃப்8'. யார் வைத்த பெயரோ! போஸ்ட்கிரெஸ்கியூஎல் கையேடோ 'கேரக்டர் செட்டை என்கோடிங் என்றும் சொல்வார்கள்' என்று கூசாமல் எழுதிவிட்டு, யுடிஎஃப்8-க்கு 'யூனிகோட்' என்று மாற்றுப்பெயரும் கொடுக்கிறது. பட்டியலின் பெயரை எடுத்து எழுதும் முறைக்குச் சூட்டுகிறார்கள்!

நல்லவேளை, பேக்கப் இருந்தது. அதை ஏற்றி, ஒவ்வொரு நெடுவரிசையையும் முதலில் பைனரியாக்கி, அதாவது எழுத்து என்று பார்க்காமல் வெறும் பைட்டாக்கி, அப்புறம் யுடிஎஃப்-8 என்று பெயர் ஒட்டிக்கொண்டிருக்கிறேன். இன்னும் பதினோரு நெடுவரிசை பாக்கி.