உளுந்து ஊறப்போடுவதற்கு முன்னால் தெரிய வேண்டிய செய்தி

காலை 9 மணியிலிருந்து மதியம் 2 மணி வரை கரண்ட் இருக்காது என்றால் வீட்டில் இருக்கிறவர்களுக்கு ஃபேன் ஓடாது, மோட்டார் போட முடியாது, அவ்வளவுதான். தெருமுனை மாவுக் கடைக்கு அது 5 கிலோ உளுந்து, 20 கிலோ அரிசி, அன்றைய வியாபாரம் முழுக்க.

சென்னையில் எந்தப் பேட்டையை எடுத்துக்கொண்டாலும் குடியிருப்போர் வாட்ஸ்அப் குழு ஒன்றாவது இருக்கிறது. காலை வணக்கமும் அரசியல் வீடியோவும் நூறு வரும். நடுவில் எங்கோ "நாளை மின்தடை" என்று ஒரு வரி வரும். எந்த நாளை, எந்தத் தெரு என்று அதில் இருக்காது. ஒரு தெருவின் கடைகள் நடப்பதும் நொடிப்பதும் இந்த மாதிரிச் சின்னச் செய்திகளில்தான் இருக்கிறது. அதைத்தான் நாம் மிக அலட்சியமாகக் கையாள்கிறோம் என்பது என் உறுதியான கருத்து. ஏன் என்று மாவுக் கடையை வைத்தே சொல்கிறேன்.

சாயங்காலம் 5 மணிக்கு மாவு விற்க வேண்டும் என்றால் காலையிலேயே புழுங்கலரிசி ஊறியாக வேண்டும், குறைந்தது 4 மணி நேரம். உளுந்துக்கு ஒரு மணி நேரம் போதும், அரிசிக்கு நாலில் ஒரு பங்கு உளுந்து. 20 கிலோ அரிசியும் 5 கிலோ உளுந்தும் தண்ணீரோடு சேர்ந்து கிட்டத்தட்ட 60 கிலோ மாவாகும். அரிசி பொறுமைசாலி. தண்ணீரை இரண்டு முறை மாற்றினால் மூன்று நான்கு மணி நேரம் கூடுதலாக ஊறினாலும் பெரிய கெடுதல் இல்லை. உளுந்து அப்படி இல்லை. சித்திரை வெயிலில் நாலைந்து மணி நேரம் ஊறிக் கிடந்தால் வழவழப்பாகி வாடை வந்துவிடும். அதை அரைத்தால் பொங்காது, இட்லி தட்டையாக, பிசுபிசுவென்று வரும்.

அதைவிட மோசம், கிரைண்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் போவது. உளுந்து மாவு என்பது பாதி காற்று. குளிர்ந்த தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தெளித்து அரைமணி நேரம் ஆட்டி, ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டால் மிதக்கிற பதத்துக்குக் கொண்டுவருவது அந்தக் காற்றுக்காகத்தான். பதினைந்தாவது நிமிடத்தில் கல் நின்றால் பாதி அரைபட்ட மாவு கல்லுக்கடியில் சூடாகக் கிடக்கும், ஏறின நுரை அமுங்கும். அப்போது செய்ய வேண்டியது, உடனே வழித்து அகலமான பாத்திரத்தில் எடுத்து, ஐஸ் போட்ட தண்ணீர்த் தொட்டிக்குள் அந்தப் பாத்திரத்தை வைப்பது. கரண்ட் வந்ததும் மாவு நிறைந்த கிரைண்டரை அப்படியே ஸ்விட்ச் போடக் கூடாது. கனத்தில் பெல்ட் வழுக்கும், மோட்டார் 'உம்'மென்று இழுத்துக்கொண்டு நிற்கும், கெபாசிட்டர் போகும். பாதி மாவை எடுத்துவிட்டு, கல் சுற்ற ஆரம்பித்த பிறகு மீதியைத் திரும்பப் போட வேண்டும்.

"இன்வெர்ட்டர் வாங்கி வைக்கக் கூடாதா?" என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். கடைகளில் இருக்கும் சாய்ப்பு கிரைண்டருக்கு (மாவை வழிக்கச் சாய்க்கிற பெரிய கிரைண்டர்) 2 எச்.பி. மோட்டார் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஓடும்போதே ஒன்றரை கிலோவாட் இழுக்கும், கிளம்பும்போது அதைப் போலப் பல மடங்கு. வீட்டு இன்வெர்ட்டர் அதன் கிட்டேயே போக முடியாது. ஜெனரேட்டர் வைப்பது, கிலோ கணக்கில் மாவு விற்கிறவருக்குக் கட்டுப்படியும் ஆகாது.

ஆனால் இதற்கு ஜெனரேட்டரே வேண்டாம். முந்தின நாள் ராத்திரி 9 மணிக்குள் தகவல் தெரிந்தால் போதும். விடியலில் ஊறப்போடும் அரிசியைக் காலை 9 மணிக்குத் தள்ளிவிடலாம். உளுந்தை மதியம் 1 மணிக்கு ஊறப்போடலாம். 2 மணிக்குக் கரண்ட் வந்ததும் முதலில் உளுந்து, பிறகு அரிசி, 5 மணிக்குப் பாக்கெட். ஒரு கைப்பிடி உளுந்துகூட வீணாகாது. விடியற்காலையிலேயே அரைத்து முடித்துவிடலாமே என்று தோன்றும். வெயில் காலத்தில் அது சரிவராது. 8 மணிக்கு அரைத்த மாவு பிரிட்ஜ் ஓடாத கடையில் மதியத்துக்குள் பொங்கிவிடும். சாயங்காலம் வாங்குகிறவர்கள் "புளிச்ச மாவா?" என்று கேட்டுவிட்டு அடுத்த கடைக்குப் போவார்கள்.

ஆக, கடைக்காரருக்கு வேண்டியது ஒரு வரி. அது ஏன் சரியாகப் போய்ச் சேருவதில்லை?

பராமரிப்பு மின்தடை அறிவிப்பு முந்தின நாள் நாளிதழ்களில் வருகிறது. மின்வாரிய இணையதளத்தில் வட்டம் வாரியாகவும் பார்க்கலாம். பேப்பரில் வந்ததை யாரோ படம் எடுத்துப் போடுகிறார்கள். படத்தில் தேதி இருக்கும் மேல் மூலை வெட்டுப்பட்டிருக்கும். தலைப்பில் "நாளை" என்று இருக்கும். அந்தப் படம் ஒரு குழுவிலிருந்து இன்னொரு குழுவுக்குப் போய்ச் சேர்வதற்குள் "நாளை" முடிந்து இரண்டு நாள் ஆகியிருக்கும். கடைக்காரர் அதை நம்பி ஒரு நாள் அரைக்காமல் இருந்தால் அவருக்கு நஷ்டம். இரண்டு முறை இப்படி ஏமாந்தவர் மூன்றாம் முறை உண்மையான அறிவிப்பையும் நம்ப மாட்டார்.

அடுத்தது தெருப் பெயர். காந்தி நகர், பாரதி தெரு, பிள்ளையார் கோயில் தெரு எல்லாம் சென்னையில் எத்தனை பேட்டைகளில் இருக்கிறது என்று எண்ணி மாளாது. அதிலும் ஒரே தெருவின் இரண்டு முனைகள் இரண்டு டிரான்ஸ்பார்மரில் இருக்கும். இதைச் சரிபார்க்க ஒரு வழி இருக்கிறது, பலருக்குத் தெரிவதில்லை. கரண்ட் பில்லில் இருக்கும் மின் இணைப்பு எண்ணைப் பாருங்கள். முதல் இரண்டு இலக்கம் மண்டலம்: வடசென்னை 01, தென்சென்னை 09. அடுத்த மூன்று இலக்கம் பிரிவு அலுவலகம். அதற்கடுத்த மூன்று இலக்கம் பகிர்மானம். கடைசியில் இருப்பதுதான் உங்கள் இணைப்பு. கடையின் பிரிவு எண்ணும் பகிர்மான எண்ணும் கையில் இருந்தால், பிரிவு அலுவலகத்தில் கேட்கும்போது "எந்தக் காந்தி நகர்?" என்ற கேள்வியே வராது. மின்வாரியத்தின் புகார் மையமான மின்னகம் 94987 94987-க்குப் பேசினாலும் முதலில் கேட்பது இந்த இணைப்பு எண்ணைத்தான்.

இன்னொரு சிக்கல் வாடகைக் கடைகளுக்கு. மின் இணைப்பு கட்டட உரிமையாளர் பெயரில் இருக்கும், பதிந்திருக்கும் கைபேசி எண்ணும் அவருடையது. மின்வாரியத்திலிருந்து குறுஞ்செய்தி வந்தாலும் அவருக்குத்தான் போகும், அவர் வேறு ஊரில்கூட இருப்பார். உரிமையாளரிடம் பேசி அந்த இணைப்புக்குக் கடை நடத்துகிறவரின் எண்ணைப் பதிய வைப்பது பத்து நிமிட வேலை. வாடகை ஒப்பந்தம் போடும்போதே இதையும் கேட்டு வாங்கிவிட வேண்டும்.

மாவு மில் கதை இதைவிட நுணுக்கம். பெரும்பாலும் மூன்று ஃபேஸ் மோட்டார், அதாவது மூன்று கம்பிகளில் வரும் கரண்ட்டும் சேர்ந்தால்தான் ஓடும். மூன்றில் ஒரு ஃபேஸ் போய்விட்டால் தெருவில் பெரும்பாலான வீடுகளில் விளக்கு எரியும், குழுவில் "கரண்ட் வந்தாச்சு, நன்றி" என்று கைகூப்பு வந்துவிடும். மில்லில் மோட்டார் சுற்றாது. ஒரு ஃபேஸ் போனால் மோட்டாரைத் தானாக நிறுத்துகிற சிங்கிள் ஃபேஸ் பிரிவென்டர் இல்லாத பழைய மில்லில் தெரியாமல் ஓட்டினால் மோட்டாருக்குள் இருக்கும் கம்பிச் சுருள் கருகிவிடும், திரும்பச் சுற்றி வருவதற்கு நாள் கணக்கில் மில்லை மூட வேண்டும். அதனால் "கரண்ட் வந்தாச்சு" என்று எழுதுகிறவர்கள் தயவுசெய்து "மூணு ஃபேஸும் வந்தாச்சா?" என்று ஒரு வார்த்தை மில்லில் கேட்டுவிட்டு எழுதுங்கள். வராவிட்டால் புகார் கொடுக்கும்போதே "ஒரு ஃபேஸ் இல்லை" என்று சொல்ல வேண்டும். "கரண்ட் இல்லை" என்று மட்டும் சொன்னால், பக்கத்து வீட்டில் விளக்கு எரிவதைப் பார்த்துப் புகாரை முடித்துவிட வாய்ப்பு இருக்கிறது.

தீபாவளிக்கு முந்தின வாரம் மில் நேரமே பேட்டைக்கு ஒரு பெரிய செய்தி. அதிரசத்துக்கு அரிசியை ஊறவைத்து, வடித்து, நிழலில் துணியில் உலர்த்தி, கையில் எடுத்தால் ஈரம் ஒட்டுகிற பதத்தில் அரைக்க வேண்டும். அந்தப் பதம் அரைமணி, முக்கால்மணி நேரம்தான் நிற்கும். அதைத் தூக்கிக்கொண்டு மில்லுக்குப் போனால் "இப்ப மிளகாய் ஓடுது, நாலு மணிக்கு வாங்க" என்பார்கள். நாலு மணிக்குள் அரிசி காய்ந்திருக்கும், அந்த மாவு பாகோடு சேராது, அதிரசம் கல்லாகும். மில்காரர் மேல் தப்பில்லை. மிளகாய் அரைத்த கல்லில் பச்சரிசியைப் போட்டால் காரமும் நிறமும் ஏறிவிடும், அதனால் வகைவகையாகப் பிரித்துத்தான் ஓட்டுவார். காலையில் ஈர அரிசி, பிறகு கோதுமை, கடைசியில் மிளகாய், மல்லி என்று அவர் வைத்திருக்கும் நேரத்தை யாராவது ஒருவர் கேட்டு எழுதிப் போட்டால், அரிசியை எத்தனை மணிக்கு ஊறப்போடுவது என்று வீட்டில் கணக்குப் போட்டுக்கொள்வார்கள். மில்லுக்கும் கூட்டம் பிரிந்து வரும்.

மருந்துக் கடையை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். இன்சுலின் 2 முதல் 8 டிகிரிக்குள் இருக்க வேண்டும். ஐந்து மணி நேர மின்தடை என்று முன்பே தெரிந்தால் பிரிட்ஜைத் திறக்காமல் வைத்திருப்பார், அவசரத்துக்கு வேண்டியவர்களை முந்தின நாளே வாங்கிப்போகச் சொல்வார்.

கரண்ட்டுக்கு அடுத்து கடைகளை அடிக்கிற செய்தி, தோண்டுகிற செய்தி. மழைநீர் வடிகால் வேலை வேண்டாம் என்று யாரும் சொல்லவில்லை, ஐப்பசியில் தண்ணீர் நிற்கிற தெருவுக்கு அது உயிர். ஆனால் வடிகால் ஒரே நாளில் முடிகிற வேலை இல்லை. தோண்டி, அடியில் ஜல்லிக் கலவை போட்டு, தரைத்தளம், பிறகு கம்பி கட்டிப் பக்கச் சுவர், பிறகு மேல் மூடி. ஒவ்வொரு கான்கிரீட்டும் இறுகி நனைந்து பலம் பெற நாள் வேண்டும். இதற்கு நடுவில் குடிநீர்க் குழாயைப் பொக்லைன் அறுத்துவிட்டால் குழி நிரம்பி வேலை நின்றுவிடும். இத்தனை நாளும் கடைக்கு முன்னால் நாலடிப் பள்ளம். தையல் கடைக்கு வருகிற வயதானவர்கள் பலகை மேல் நடந்து வர மாட்டார்கள்.

கடைக்காரருக்குத் தெரிய வேண்டியது மூன்றுதான். என்றைக்குத் தன் வாசலில் தோண்டுவார்கள், எத்தனை நாள், நடக்க இரும்புத் தகடு போடுவார்களா. வேலை நடக்கும் இடத்தில் பணியின் பெயர், நீளம், தொடங்கும் நாள், முடியும் நாள், பொறியாளர் எண் எழுதிய பலகை இருக்க வேண்டும். இல்லாவிட்டால் மாநகராட்சியின் 1913-க்குக் கூப்பிட்டுப் புகார் எண் வாங்கி, அந்த எண்ணையும் சேர்த்துக் குழுவில் போடுங்கள். புகைப்படம் எடுக்கும்போது வெறும் பள்ளத்தை எடுக்காதீர்கள். பக்கத்துக் கடையின் பெயர்ப்பலகையும் கதவு எண்ணும் படத்தில் விழ வேண்டும். இல்லாவிட்டால் 200 வார்டு உள்ள நகரத்தில் அது வெறும் பள்ளம்.

குழுவில் எழுதுகிறவர்களுக்கு நான் சொல்ல விரும்பும் வடிவம் இவ்வளவுதான்:

"12.11.2025 புதன். காலை 9 – மதியம் 2. பராமரிப்பு மின்தடை. பிள்ளையார் கோயில் தெரு கதவு எண் 1 முதல் 46 வரை, அதை ஒட்டிய இரண்டு சந்துகள். பிரிவு அலுவலகத்தில் 11-ஆம் தேதி மாலை கேட்டு உறுதி செய்தது."

நாளை, இன்று, நேற்று என்ற சொற்களே வேண்டாம். தேதியோடு கிழமையும் இருந்தால் ஒன்றில் பிழை வந்தாலும் இன்னொன்று காட்டிக்கொடுக்கும். எங்கே கேட்டது என்ற கடைசி வரியை விடாதீர்கள், அது இருந்தால்தான் அடுத்தவர் சரிபார்க்க முடியும். வேலை முன்கூட்டியே முடிந்து கரண்ட் வந்துவிட்டால் அதே செய்திக்குப் பதிலாக எழுதுங்கள், புதிதாக ஒன்று போடாதீர்கள். முழுவதையும் தமிழிலேயே எழுதுங்கள். மயிலாப்பூர் டைம்ஸ் 1994-இல் தொடங்கி, பேட்டைக்கென்று வாரப் பத்திரிகை நடத்த முடியும், தெருக் கடைகளின் விளம்பரத்திலேயே அதை இலவசமாகக் கொடுக்க முடியும் என்று காட்டியது. பெரிய காரியம் அது. ஆனால் அந்த மாதிரி இதழ்கள் ஆங்கிலத்தில் வருகிறவை. கிரைண்டர் முன்னால் நிற்கிறவருக்குத் தமிழில் இரண்டு வரி போதும், ஈரக்கையோடு ஒரு பார்வை பார்த்துவிட்டுப் போவார்.

இதில் நான் மனம் வருந்திச் சொல்ல வேண்டியது ஒன்று உண்டு. இவ்வளவு சரியாக எழுதினாலும் அந்தக் குழுவில் மாவுக் கடைக்காரர் இருக்க மாட்டார். மில்காரர் இருக்க மாட்டார். இஸ்திரி வண்டி வைத்திருப்பவர் நிச்சயமாக இருக்க மாட்டார். குழு, வீட்டு உரிமையாளர்களின் குழு. தெருவில் காலை ஐந்திலிருந்து ராத்திரி பத்து வரை இருக்கிறவர்கள் அதற்கு வெளியே. அவர்களைச் சேர்த்தால் விளம்பரமாகப் போடுவார்கள் என்று குழு நடத்துகிறவர்கள் பயப்படுகிறார்கள். செய்தி மட்டும் போடுகிற, இரண்டு மூன்று பேர் மட்டும் எழுதக்கூடிய தனிக் குழு ஒன்றைத் திறந்து தெருவில் இருக்கும் அத்தனை கடைக்காரர்களையும் சேர்ப்பதில் என்ன தடை?

ஸ்மார்ட்போன் இல்லாதவர்களும் இருக்கிறார்கள். அவர்களுக்கு டீக்கடை வாசலில் ஒரு கரும்பலகை. இரண்டடிக்கு மூன்றடி போதும். சாரல் படாதபடி கூரைக்குள்ளே, பாய்லரின் ஆவி படாத பக்கமாக மாட்ட வேண்டும். தினமும் ராத்திரி 8 மணிக்கு எழுதுகிறவர் யார் என்று முதலிலேயே பேசி வைத்துக்கொள்ள வேண்டும், அவர் ஊரில் இல்லாத நாளுக்கு இன்னொருவர். மறுநாள் ஒன்றுமில்லை என்றால் தேதி போட்டு "ஒன்றுமில்லை" என்று எழுத வேண்டும். பழைய எழுத்து அப்படியே கிடக்கிற பலகையை ஒரு வாரத்தில் யாரும் பார்க்க மாட்டார்கள். மாவுக் கடைக்காரர் கடையைச் சாத்திவிட்டு அங்கேதான் டீ குடிக்க வருகிறார். அடுத்த நாளைக்கு உளுந்து எத்தனை மணிக்கு என்று அங்கேயே முடிவு செய்துவிடலாம்.