மெட்ஃபார்மின் ஆய்வு நடந்தது புழுவில்

சர்க்கரை நோய்க்குத் தரும் மெட்ஃபார்மின் மாத்திரை குடல் பாக்டீரியாவை மாற்றி மனிதரின் முதுமையைத் தள்ளிப்போடும், அது ஆய்விலேயே நிரூபணமாகிவிட்டது என்று இணையத்தில் ஒருவர் போட்டிருக்கிறார், பலர் பகிர்ந்தும் விட்டார்கள். ஆய்வு உண்மைதான், ஆனால் அது மனிதரில் நடந்ததல்ல. 2013இல் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ் குழு 'செல்' என்ற உயிரியல் ஆய்விதழில் வெளியிட்டது அது. சோதித்தது சி. எலிகன்ஸ் என்ற புழுவில். ஒரு மில்லிமீட்டர் நீளம், இரண்டு மூன்று வாரம்தான் ஆயுள்.

இந்தப் புழுவுக்கு ஆய்வகத்தில் ஈ. கோலை பாக்டீரியாதான் சாப்பாடு. மருந்து அந்த பாக்டீரியாவின் ஃபோலேட் (ஒரு பி வைட்டமின்), மெத்தியோனின் (ஒரு அமினோ அமிலம்) வளர்சிதை மாற்றத்தைக் குலைக்க, அதைத் தின்ற புழு கூடுதல் நாள் வாழ்ந்தது. பாக்டீரியாவே இல்லாமல் வளர்த்த புழுவுக்கோ அதே மருந்து ஆயுளைக் குறைத்தது! பகிர்கிற யாரும் இந்த வரியை மட்டும் ஏனோ சொல்வதில்லை.

நான் சொல்வதை நம்ப வேண்டாம், நீங்களே பாருங்கள். மருத்துவ ஆய்வுக் கட்டுரைகளைத் தேடித் தரும் பப்மெட் தளத்தில் ஆங்கிலத்தில் மெட்ஃபார்மின், சி. எலிகன்ஸ், ஃபோலேட் என்ற மூன்று சொற்களோடு 2013 என்று போட்டுத் தேடினால் கட்டுரை வரும், சுருக்கம் இலவசம். தலைப்பிலேயே புழுவின் பெயர் இருக்கிறது. ஈ. கோலையின் வகையையும் குளுக்கோஸ் அளவையும் பொறுத்து புழுவின் ஆயுள் கூடவும் செய்யும், குறையவும் செய்யும் என்பது அந்தச் சுருக்கத்திலேயே இருக்கிறது, இரண்டு நிமிட வேலை. சர்க்கரைக்காக ஏற்கெனவே இதைச் சாப்பிடுகிறவர்கள் பதறி நிறுத்திவிடாதீர்கள், அது வேறு விஷயம்.