ரயில் அப்படி நிற்காது

நேற்று ராத்திரி அந்த சீரியலைப் பார்த்தவர்களுக்கு எந்தக் காட்சியைச் சொல்கிறேன் என்று தெரியும். காலையிலிருந்து என் டைம்லைனில் அதுதான் ஓடுகிறது, 'செம சீன்' என்று. பாப்பாவின் கால் தண்டவாளத்தில் மாட்டிக்கொள்கிறது. அம்மா சிவப்பு முந்தானையை ஆட்டுகிறாள். வளைவு திரும்பி வந்த எக்ஸ்பிரஸ், குழந்தைக்கு ஒரு முழம் தள்ளி நிற்கிறது. அதோடு விட்டார்களா? ஹீரோ என்ஜினில் ஏறி டிரைவரைக் கன்னத்தில் அறைகிறார். "கண்ணு தெரியலையா?"

ரயில் அப்படி நிற்காது. என் அப்பா முப்பத்தோரு வருஷம் என்ஜின் ஓட்டினவர், அதனால் சொல்கிறேன். 110 கிலோமீட்டர் வேகத்தில் வரும் வண்டிக்கு எமர்ஜென்சி பிரேக் போட்டாலும் நிற்க ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் வேண்டும். ஆயிரம் டன்னுக்கு மேல் எடை, இரும்புச் சக்கரம், இரும்புத் தண்டவாளம். பாதையில் ஆபத்து என்றால் 600 மீட்டர் தள்ளி ஒரு வெடியும் 1200 மீட்டர் தள்ளி மூன்று வெடியும் தண்டவாளத்தின் மேல் வைக்கச் சொல்கிறது ரயில்வே விதி. சக்கரம் ஏறி அது வெடித்தால் டிரைவருக்கு எச்சரிக்கை. பக்கத்தில் நின்று துணி ஆட்டினால் போதுமென்றால் எதற்கு அவ்வளவு தூரம்?

இன்னொரு சீரியலில் வில்லனின் ஆள் பெட்டிக்கு அடியில் புகுந்து பிரேக் ஒயரை வெட்டினான், ரயில் தறிகெட்டு ஓடியது. ரயிலில் பிரேக் வேலை செய்வது காற்றில். குழாயில் அழுத்தம் இருக்கும்வரைதான் பிரேக் விலகியிருக்கும். குழாயை அறுத்தால் காற்று இறங்கி, பிரேக் தானாகப் பிடித்துக்கொள்ளும். அபாயச் சங்கிலியை இழுத்தால் நடப்பதும் அதுதான்.

'சீரியல்தானே, லாஜிக் பார்க்கலாமா' என்று வருவீர்கள். பாலில் விஷம் கலக்கும் மாமியாரையும் பேயையும் நானும் உட்கார்ந்து பார்க்கிறேன், குறை சொன்னதில்லை. ஆனால் மூடின கேட்டுக்கு அடியில் பைக்கைச் சாய்த்து நுழைகிறவர்களை நான் தினமும் பார்க்கிறேன். 'டிரைவர் பார்த்து நிறுத்திடுவார்' என்று என்னிடமே ஒருவர் சொன்னார். நிறுத்த முடியாது. ரயில் அப்படி நிற்காது.

பட்ஜெட் இல்லை, ரயில்வே அனுமதி கிடைப்பது கஷ்டம் என்பீர்கள். சரி, அது நியாயம்தான். டிரைவர் கன்னத்தில் விழுந்த அந்த அறைக்கு என்ன பட்ஜெட்?

எது நடந்தாலும் டிரைவர்தான் குற்றவாளி. 2023 ஜூன் 2, பாலசோர் பக்கம் பாஹாநாகா பஜாரில், சென்னைக்கு வந்துகொண்டிருந்த கோரமண்டல் எக்ஸ்பிரஸ், ஸ்டேஷனில் வண்டிகள் ஒதுங்கி நிற்கும் லூப் லைனுக்குள் போய் சரக்கு ரயிலில் மோதியது. 290 பேருக்கு மேல் போய்விட்டார்கள். டிஎன்ஏ பரிசோதனை செய்துதான் பல உடல்களை அடையாளம் காண வேண்டியிருந்தது. சிக்னல் இணைப்பில் நடந்த தவறு அது. அன்று ராத்திரியே 'டிரைவர் தூங்கிட்டானா' என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு.

நான் பத்தாவது படிக்கும்போது ஒரு மார்கழி விடியலில் அப்பாவின் வண்டிக்கு முன்னால் ஒரு பெண் வந்துவிட்டாள். ஹாரன் அடித்தார், பிரேக் போட்டார். திருப்புவதற்கு என்ஜினில் ஸ்டியரிங் கிடையாது. ரயில் நிற்கவில்லை. 'ரன் ஓவர்' என்று அடுத்த ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்துவிட்டு அதே வண்டியை ஓட்டிக்கொண்டு போனார். வீட்டுக்கு வந்து ரொம்ப நேரம் குளித்தார். இரண்டு நாள் சாப்பிடவில்லை. அதற்கப்புறம் அம்மா மஞ்சள் சேலை கட்டி நான் பார்த்ததே இல்லை. ஏன் என்று வெகுநாள் கழித்துத்தான் அம்மா சொன்னாள்.

நேற்று அப்பாவும் எங்களோடுதான் டிவி பார்த்தார். ரயில் வளைவில் தெரிந்ததுமே நாற்காலியின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார். அறை விழுந்ததும் "அமத்தும்மா" என்று சொல்லிவிட்டு உள்ளே போய்ப் படுத்துவிட்டார். காலையில் காபி கொடுக்கும்போது கேட்டார்:

"அந்த டிரைவர் என்னம்மா தப்பு பண்ணினான்?"