சப்மீட்டரை நம்புவதற்கு முன் சிடியைப் பாருங்கள்
'தளத்துக்கு ஒரு சப்மீட்டர் (அந்தத் தளத்தின் மின்சாரத்தை மட்டும் அளக்கும் துணை மீட்டர்) மாட்டினால் மின்சாரம் எங்கே வீணாகிறது என்று ஒரே வாரத்தில் தெரிந்துவிடும்' என்று கட்டடங்களின் மின்செலவு பற்றிய கட்டுரை ஒன்று சொல்வது பாதிதான் சரி. மீட்டர் காட்டும் எண் உண்மையா என்று முதலில் பார்க்க வேண்டும். ஒவ்வொரு ஃபேஸ் வயரையும் சுற்றி மாட்டி, அதில் ஓடும் மின்னோட்டத்தைச் சிறிதாக்கி மீட்டருக்குக் கொடுப்பதுதான் சிடி (கரன்ட் டிரான்ஸ்ஃபார்மர்). மூன்று ஃபேஸ் பேனலில் ஒரே ஒரு சிடி திசை மாறி மாட்டப்பட்டிருந்தால் அந்த ஃபேஸ் மைனஸில் சேரும். லோடு மூன்றிலும் சமமாக இருந்தால் மொத்தத்தில் மூன்றில் ஒரு பங்குதான் பதிவாகும். 200/5 சிடி (200 ஆம்பியரை 5 ஆம்பியராகக் குறைப்பது) போட்டுவிட்டு மீட்டரில் 100/5 என்று அமைத்தால் சரியாகப் பாதிதான் பதிவாகும். புது மீட்டர் வந்ததும் எங்கள் மாடியில் யூனிட் குறைந்துவிட்டது என்று அந்தக் கட்டுரையின் கீழ் ஒருவர் எழுதியிருக்கிறார்; அது இப்படிப்பட்ட பிழையாகவும் இருக்கலாம். தயவுசெய்து ஒவ்வொரு ஃபேஸின் கிலோவாட்டையும் தனித்தனியாகத் திரையில் பாருங்கள், வயரைக் கவ்வி அளக்கும் கிளாம்ப் மீட்டர் வைத்து ஆம்பியரையும் ஒப்பிடுங்கள். சிடியில் பி1 என்று குறித்த பக்கம் மின்சாரம் வரும் திசையைப் பார்த்திருக்க வேண்டும். திருத்துவதை எலக்ட்ரீஷியன் சப்ளையை நிறுத்திவிட்டே செய்யட்டும்: லோடு ஓடும்போது சிடியிலிருந்து மீட்டருக்குப் போகும் எஸ்1, எஸ்2 வயரைக் கழற்றினால் அந்த முனைகளில் உயிருக்கே ஆபத்தான வோல்டேஜ் எழும். அதன் பிறகு 15 நிமிடத்துக்கு ஒருமுறை பதிவாகும் ரீடிங்கை எடுத்து இரவு நேரத்தைப் பாருங்கள். ஆளில்லாத தளம் இரவு 10 முதல் காலை 6 வரை 12 கிலோவாட்டில் அசையாமல் நின்றால் ஒரே இரவில் 96 யூனிட் போகிறது. சர்வர் அறையும் யுபிஎஸ்ஸும் எடுப்பதைக் கழித்த பிறகும் மிச்சம் இருந்தால் ஏஎச்யு (ஏசி காற்றைத் தளத்துக்குள் தள்ளும் இயந்திரம்) ஸ்டார்ட்டர் பேனலுக்குப் போங்கள். செலக்டர் சுவிட்ச் ஆட்டோவில் இல்லாமல் மேனுவலில் கிடப்பது மிகச் சாதாரணம், அப்படிக் கிடந்தால் டைமர் சொல்வதை மோட்டார் கேட்காது.